ஆடி மாதம் லீவு போடாத பையன்: பள்ளி ஆலோசகர் படிப்பு, ஓர் எளிய அறிமுகம்

தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் சீட்டு. கட் ஆஃப், ரேங்க் லிஸ்ட், சாய்ஸ் ஃபில்லிங். ஆசிரியர் குடும்பமாக இருந்தால் இடமாறுதல் கவுன்சிலிங். நான் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி சேர்ந்த வருடம் பெரியம்மா கேட்டார்: “கவுன்சிலிங் முடிஞ்சிடுச்சா? எந்தக் காலேஜ் கிடைச்சுது?” படிப்பே கவுன்சிலிங்தான் பெரியம்மா என்றேன். “அதுக்கு ஒரு படிப்பா!” என்று காபி ஆற்றப் போய்விட்டார்.

பள்ளிக்கூடங்களில் இந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தமும் உண்டு. ஃபோனோடு பிடிபட்ட, யாரையோ அடித்துவிட்ட பையனை எச்.எம். அறை வாசலில் நிற்கவைத்து, “இவனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க மேடம்” என்பார்கள். குரலை உயர்த்தாமல் திட்டுங்கள் என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் பள்ளி ஆலோசகர்கள் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவது அர்த்தத்தில்தான். முதுகலையில் இரண்டு வருடம் கற்றுக்கொள்வதோ கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரான வேலை.

அது என்ன வேலை, அதற்கு என்ன படிக்க வேண்டும், ‘அபாயத்தில் இருக்கும் பிள்ளை’ என்று யாரைச் சொல்கிறோம் என்பதையெல்லாம், பயிற்சிக்குப் போன இடத்தில் நான் பார்த்த ஓர் ஒன்பதாம் வகுப்புப் பையனை வைத்தே சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளியின் பெயரும் வேண்டாம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. பள்ளி ஆலோசகர் என்கிற ஆள் அமெரிக்காவில் முளைத்தவர். மனநலம் அப்போது யார் மனதிலும் இல்லை, கவலையெல்லாம் வேலைவாய்ப்பைப் பற்றி. 1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் நின்ற இளைஞர்களுக்காக ஒரு வழிகாட்டு நிலையம் தொடங்கினார். உன்னைத் தெரிந்துகொள், வேலையைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். அவ்வளவுதான் அவர் முறை. அதே வருடம் இறந்தும் போனார். 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்காவுக்கு உதறல் எடுத்தது. அடுத்த வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பணத்தைக் கொட்டினார்கள். எதற்கு? கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு! நழுவிப்போகிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பின்னால் வந்து சேர்ந்தது. நம் ஊரிலும் அந்த வாடை இன்னும் போகவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று மேடை போட்டுப் பேச ஆள் கிடைத்துவிடுகிறார், இரண்டு வாரமாக ஏன் சாப்பாட்டைத் தொடவில்லை என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

சரி, முதுகலையில் என்ன சொல்லித்தருகிறார்கள்? வளர்ச்சி உளவியல், ஆளுமைக் கோட்பாடுகள், மனநோய்களைப் பற்றிய தாள், ஆலோசனை முறைகள், உளவியல் சோதனைகள், ஆராய்ச்சி முறை. புள்ளியியலும் உண்டு. கலைப்பாடம் படித்துவிட்டு வருகிறவர்கள் அழுவது அங்கேதான். இவையெல்லாம் புத்தகத்தைப் பார்த்துப் படித்து எழுதிவிடக்கூடியவை. படிப்பின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது, கேட்பதற்குப் பழகுவதில்.

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பாலபாடம். எதிரில் இருப்பவர் மாற வேண்டுமானால் ஆலோசகரிடம் முக்கியமாக மூன்று குணங்கள் வேண்டும் என்றார்: அவர் இடத்திலிருந்து பார்த்துப் புரிந்துகொள்வது, நிபந்தனை போடாமல் அவரை மதிப்பது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. எழுதினால் அரைப்பக்கம். செய்து பார்த்தால்தான் தெரியும், அதிலும் நம் ஊரில் வளர்ந்த நாக்குக்கு. சின்னப் பிள்ளையைக் கண்டதும் புத்திமதி சொல்லத் துடிக்கிற நாக்கு அது.

அந்தத் துடிப்பை அடக்க ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். பெயர் ‘வெர்பேட்டிம்’. பிள்ளையோடு பேசி முடித்த உடனே, யார் என்ன சொன்னார்கள் என்று வரிக்கு வரி எழுதி, மேற்பார்வையிடும் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். நான் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனோடு முதல்முறை பேசியது என் நோட்டில் இப்படி இருக்கிறது:

“ஏன் அடிக்கடி லீவு போடுற?”
“ம்.”
“உடம்பு சரியில்லையா?”
“இல்ல மிஸ்.”
“அம்மா கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்க இல்ல? படிச்சாத்தானே நல்ல வேலைக்குப் போக முடியும்?”
“ஆமா மிஸ்.”
“இனிமே ஒழுங்கா வருவியா?”
“வரேன் மிஸ்.”

எனக்கு ஒரே சந்தோஷம். பையன் ஒத்துக்கொண்டான், வாக்கும் கொடுத்துவிட்டான். நோட்டு திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கணக்கு: நீங்கள் பேசிய சொற்கள் இத்தனை, அவன் பேசியவை இத்தனை. அவனுடையதில் ஏறக்குறைய பாதி ‘மிஸ்’. அடியில் ஒரு வரி: “அவனைப் பற்றி உங்களுக்குப் புதிதாக என்ன தெரிந்தது?” ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே அவன் இரண்டு நாள் வரவில்லை.

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியை இந்தப் படிப்பில் கொஞ்சம் ஒதுக்கியே வைப்பார்கள். பெரியவர்கள் பிள்ளைகளிடம் ‘ஏன்’ என்று கேட்கும்போது பெரும்பாலும் பதில் தேவைப்படுவதில்லை. “ஏன் லேட்டு?” என்பது கேள்வியா? பிள்ளைகளுக்கு அது தெரியும். அதனால்தான் ‘ம்’.

இங்கே அந்த ‘அபாயத்தில் இருக்கும் பிள்ளை’ விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தச் சொல்லே அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அபாயம் ஏதோ பிள்ளையின் உடம்பில் ஒட்டியிருப்பது மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் அது பிள்ளையைச் சுற்றி இருக்கும் சூழ்நிலையின் கணக்கு. வறுமை, வீட்டில் குடி, அடிதடி, பெற்றோரில் ஒருவர் இல்லாமல் போவது, கடன், சாதியின் பெயரால் வகுப்பில் படும் அவமானம், கண்டுபிடிக்கப்படாத கற்றல் குறைபாடு, பதினாறு வயதில் பேசி முடிக்கப்படும் கல்யாணம். ஒன்று இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாக்குப்பிடித்துவிடும். மூன்று நான்கு சேர்ந்து அழுத்தும்போது படிப்பு நின்றுபோவது, போதைப் பழக்கம், தற்கொலை எண்ணம் போன்றவை நெருங்கி வருகின்றன. ‘நெருங்கி’ என்ற சொல்லைக் கவனியுங்கள், விதி என்று யாரும் சொல்லவில்லை.

இதற்கு நல்ல சான்று ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. அங்கே காவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் மேலே சொன்ன மாதிரியான அழுத்தங்கள் பல சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். அந்தக் கூட்டத்திலும் மூன்றில் ஒருவர் எந்தச் சிக்கலிலும் மாட்டாமல், தன்னம்பிக்கையோடு, பிறரிடம் அக்கறையோடு வளர்ந்து நின்றார்கள். இவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒரு விஷயம், அவர்களை விட்டு விலகாத பெரியவர் ஒருவராவது இருந்தார் என்பது. பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், பள்ளி ஆசிரியராகவும் இருக்கலாம். பள்ளி ஆலோசகர் என்று ஒரு பதவி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் எடுத்து வைப்பது இந்த ஆய்வைத்தான்.

பையனிடம் திரும்புவோம். அவனுக்கு எஸ்.டி.க்யூ. என்ற வினாத்தாளையும் கொடுத்துப் பார்த்தேன். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டது, 25 வரிகள், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பயம், கவலை போன்ற உணர்ச்சிச் சிக்கல்கள், நடத்தை, துறுதுறுப்பு, நண்பர்களோடு பழகுவது, பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பக்கங்களைத் தொட்டுப் பார்க்கும். அவனுக்கு எல்லாமே இயல்பு என்று வந்தது. உதவும் குணத்தில் ஏறக்குறைய முழு மதிப்பெண். வினாத்தாள் பொய் சொல்லவில்லை, அவன் மனதில் கோளாறு இல்லைதான்.

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது வருகையெல்லாம் செல்ஃபோன் செயலியில் ஏறிவிடுகிறது. தொடர்ந்து பல நாள் வராத பிள்ளை அதில் உடனே கண்ணில் பட்டுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், இங்கொன்றும் அங்கொன்றுமாக வராத பிள்ளை அப்படிப் படாது. அவன் வராத நாட்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஆனியில் ஆறு நாள். ஆவணியில் ஏழு. நடுவில் ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை ஒருநாள்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை எங்குமே இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்தமுறை அந்தத் தாளையே அவன் முன்னால் வைத்தேன். ‘ஏன்’ கேட்கவில்லை.

“ஆடி மாசம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடலியே நீ.”

தாளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

“ஆடில கல்யாணம் வராதுல்ல மிஸ்.”

கேட்டரிங் வேலை. முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலமே மண்டபத்துக்குப் போய்விடுவான். ரிசப்ஷன் பந்தி, விடியற்காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு. தண்ணீர் பாட்டில் வைப்பது, இலை எடுப்பது, மேசைக்குத் தாள் விரிப்பது. கையில் ஐந்நூறு ரூபாய், மிஞ்சினதில் ஒரு தூக்கு சாம்பார். அப்பா லாரிக்குப் போனவர், இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா வாங்கிய குழுக்கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டும். அந்த ஐந்நூறு அதற்கு. தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாள் என்று போட்டிருக்கும் தாள்களும் அவன் வராத நாட்களும் ஒட்டிப்போயின. நான் முதல்நாள் “அம்மா கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்க” என்று யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இதற்கு மேல் நடப்பதில் ‘ஆலோசனை’ என்ற சொல்லுக்கு அவ்வளவாக இடமில்லை. நடையும் மனு எழுதுவதும்தான். அதனால்தான் பள்ளி ஆலோசகராக நினைக்கிறவர்களுக்குச் சட்டமும் நலத்திட்டங்களும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். பல பாடத்திட்டங்களில் இது போதுமான அளவுக்கு இல்லை, எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படித்தவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தத்தின்படி 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. இவனுக்கு 14 முடிந்திருந்தது. அடுப்புப் பக்கமோ எண்ணெய்ச் சட்டிப் பக்கமோ நிற்கிறானா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். இல்லை. பிறகு அம்மாவை வரச்சொன்னோம். “டி.சி. குடுத்துடுவாங்களா டீச்சர்?” என்றுதான் உட்கார்ந்ததும் கேட்டார்.

கணவர் கைவிட்டுப்போன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிராமமானால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரமானால் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பள்ளியிலிருந்து போனஃபைடு, வங்கிப் புத்தகம் என்று வேலை இழுத்தது. இடையில் நான் வகுப்பாசிரியரிடம் பேசினேன். அவன் சொல்லச் சம்மதித்ததை மட்டும்.

அந்த ‘சம்மதித்ததை மட்டும்’ என்பது இந்தப் படிப்பின் இன்னொரு பெரிய பாடம். பிள்ளை சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. அதற்கு எல்லையும் உண்டு. அந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே, பிள்ளை எதையும் சொல்லத் தொடங்கும் முன்பே, அவர்கள் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது இப்படி: “நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். மூணு விஷயத்துல மட்டும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லியே ஆகணும். உன் உசுருக்கு ஆபத்துன்னா, உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னா, யாராவது உன்னை ஏதாவது பண்றாங்கன்னா. அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.”

மூன்றாவதில் நமக்கு விருப்பம் விருப்பமின்மை என்று எதுவும் கிடையாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்த எவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ, அல்லது இரண்டுமோ. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், முதலில் நாமே விசாரிப்போம் என்று நிர்வாகம் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார ஆலோசகருக்கு உரிமை இல்லை.

முதல் விஷயத்தில் ஒரு பயத்தைப் போக்கிவிட வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று ஆசிரியர்கள் பலர் நினைக்கிறார்கள். கிளப்பாது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது. “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று அமைதியாக, முகத்தைப் பார்த்துக் கேட்கப் பழகுவது பயிற்சியில் ஒரு பகுதி. முதல்தடவை நண்பரை எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தபோது எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளையைத் தனியாக விடாமல் அன்றைக்கே வீட்டாரையும் மருத்துவரையும் சேர்க்க வேண்டும். ஆலோசகர் மனநல மருத்துவர் இல்லை, மருந்து எழுதுவது அவர் வேலையும் இல்லை. தன் கைக்கு மீறியது எது என்று தெரிவது ஒரு திறமைதான். இரவு நேரத்தில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, பிள்ளைகளுக்கு 1098, பள்ளிக் கல்விக்கென்று தமிழ்நாட்டில் 14417.

இனி, படிக்க நினைப்பவர்களுக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆலோசனை உளவியல் துறை இருக்கிறது. எழும்பூரில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் கவுன்சலிங் சைக்காலஜியும் சமூகப்பணியும் இரண்டுமே உண்டு. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் ஒரு வருட வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமா பொருந்தும், அதற்கு நமக்குப் பக்கத்து மையம் மைசூரு. ஒரு எச்சரிக்கை: 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். ‘க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இந்த முதுகலை போதாது, அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: பயிற்சி எத்தனை மணி நேரம், அதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அமெரிக்காவில் கேக்ரெப் என்ற அங்கீகாரக் குழுவின் கணக்கில் பள்ளி ஆலோசகர் முதுகலைக்கு 60 கிரெடிட், அதோடு 100 மணி நேர முன்பயிற்சி, 600 மணி நேர இன்டர்ன்ஷிப், எல்லாம் மேற்பார்வையோடு. நம் ஊரில் சில இடங்களில் ஒரு மாதம் பள்ளிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் கையெழுத்து கிடைத்துவிடுகிறது. வெர்பேட்டிமைத் திருத்தித்தர ஆள் இல்லாத இடத்தில் இந்தப் படிப்பைப் படித்துப் பயனில்லை.

வேலை கிடைக்குமா? சி.பி.எஸ்.இ. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று அந்த வாரியத்தின் விதி சொல்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன 17 வயது மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் விரிவாகச் சொன்னது: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள், பயிற்சி மையங்கள் உட்பட, தகுதியுள்ள ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். காகிதத்தில் கதவு திறந்துவிட்டது. 250 பிள்ளைகளுக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை, அங்கேயே பல மாநிலங்களில் அது நடக்கவில்லை. இங்கே நான் போன பள்ளியில் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் வரும் பயிற்சி மாணவி ஒருத்திதான், அது நான்.

உதவித்தொகை மனு மார்கழி வரைக்கும் அலுவலகத்தில்தான் இருந்தது. மார்கழியில் அவன் ஒருநாள்கூடத் தவறவில்லை, அது எனக்கு இப்போது ஆச்சரியம் இல்லை. தையில் மூன்று நாள் வரவில்லை. மூன்று தடவையும் முந்தின நாளே வகுப்பாசிரியரிடம் போய், “சார், நாளைக்கு முகூர்த்தம்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் நடக்கப்போகும் பாடத்தைக் குறித்துக்கொண்டு போயிருந்தான்.